பின்னச்சின் பிடிமானம்: கொட்டிலிற் பிறந்த ஒரு பொறியின் வரலாறு

யாழ்ப்பாணத்து மாட்டு வண்டிற் சவாரியைக் கண்டு களித்தோர் ஓர் உண்மையை அறிவர். வண்டில்கள் ஒரே வரிசையில் நின்று, குறி கிடைத்ததும் நேரான நிலத்திலே பாய்கின்றன. முந்துவது காளைகளின் வலிமையால் மட்டும் நிகழ்வதன்று. குளம்பு நிலத்தைப் பற்றுதல் வேண்டும். குளம்பு சறுக்குமாயின் எத்துணை வலிமையும் வீணே. மோட்டார்க் காருக்கும் இதுவே நியதி. நின்ற நிலையிலிருந்து இரண்டு கார்கள் கால் மைல், அதாவது 1,320 அடி, நேர்வழியில் ஓடி முந்துவதை அமெரிக்கர் 'டிராக்' ஓட்டம் என்பர். அவ்வோட்டத்துக்கெனப் பழைய கார்களை வீட்டுக் கொட்டிலில் வைத்துத் திருத்திய இளைஞர், பின்சில்லு நிலத்தைப் பற்றுதற்பொருட்டுத் தம் கையாற் செய்த பொறிகளின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது. பொருள் சிறிதாகத் தோன்றினும், கைத்தொழிலறிவு வரலாற்றில் எவ்வாறு நிலைபெறுகின்றது, எவ்வாறு மறைகின்றது என்பதை அது நமக்குக் காட்டும்.

வில்லுத் தகட்டின் குறை

நம்மூரில் இன்றும் காணப்படும் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களின் அடியிற் குனிந்து நோக்குவோர், பின்னச்சு இருபுறமும் நீண்ட வில்லுத் தகடுகளோடு பிணைக்கப்பட்டிருத்தலைக் காண்பர். அத்தகடுகள் இரு தொழில் புரிவன. காரின் பாரத்தைத் தாங்குதல் ஒன்று. அச்சை அதன் இடத்தில் நிறுத்துதல் மற்றொன்று. இரண்டாவது தொழிலிலேதான் தொல்லை பிறக்கின்றது.

ஒவ்வொரு விசைக்கும் எதிர்விசை உண்டென்பது நியூற்றன் கூறிய விதி. சில்லு முன்னோக்கிச் சுழற்றப்படும்போது அச்சின் கூடு பின்னோக்கித் திரும்ப முயலும். முதற் கியரில் 3 மடங்கும் பின்னச்சுப் பற்சில்லுகளில் 4 மடங்கும் பெருகுமாயின், இயந்திரத்தின் முறுக்கு விசை பின்னச்சில் 12 மடங்காகின்றது. அம்முறுக்கைத் தாங்கமாட்டாது தகடு பாம்புபோல் நெளியும், எல்லை கண்டதும் மீளும், மீண்டும் நெளியும். சில்லு துள்ளும்; ரயர் புகையும்; கார் முன்செல்லாது நடுங்கும். 1947இல் வெளிவந்த ஏ-40 டெவனின் இயந்திரம் ஏறத்தாழ 40 குதிரைவலுவே உடையது. ஆதலின் நம்மவர்க்கு இத்தொல்லை பெரிதாகத் தோன்றவில்லை. அமெரிக்க இளைஞரோ இலேசான பழைய கார்களிற் பெரிய வி-8 இயந்திரங்களைப் பொருத்தினர். அவர்கள் இதனைக் கடந்தே ஆகவேண்டியிருந்தது.

களமும் காலமும்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே தென் கலிபோர்ணியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர் தம் கார்களின் வேகத்தை அளந்து வந்தனர். அதன்பொருட்டுச் சங்கமொன்றும் 1937இல் அமைந்தது. போர் முடிந்தபின் இவ்வார்வம் பெருகிற்று. 1950இல் சாந்தா ஆனா விமான நிலையத்திற் கட்டணத்துடன் ஓட்டங்கள் நடத்தப்பட்டன. 1951இல் வொலி பார்க்ஸ் என்பார் தேசிய ஹொட் ரொட் சங்கத்தை நிறுவினார். தெருக்களில் நிகழ்ந்த ஆபத்தான ஓட்டங்களை ஒழுங்குபட்ட களத்துக்குக் கொணர்தல் அதன் நோக்கம். அதன் முதலாவது தேசியப் போட்டி 1955இல் கான்சாஸ் மாநிலத்துக் கிரேட் பெண்ட் என்னுமிடத்தில், போர்க்கால விமானத்தளத்திலே நடைபெற்றது. போர் விட்டுச்சென்ற ஓடுபாதை விளையாட்டுக் களமானது நம் பக்கத்திலும் நிகழ்ந்ததே. சென்னைக்கு அணித்தான சோழவரமும், களுத்துறைக்கு அணித்தான கட்டுகுருந்தையும் அவ்வாறே மோட்டார்ப் பந்தயக் களங்களாயின.

கையாற் செய்த உபாயங்கள்

இக்களங்களிற் கண்ட குறைக்குக் கொட்டிலிற் கண்ட மருந்துகள் பல. முதலாவது மிக எளியது. தகட்டின் முன்பாதியை இரும்புப் பிடிகளால் இறுகக் கட்டினர். முன்பாதி விறைத்து முறுக்கைத் தாங்கிற்று. பின்பாதி நெகிழ்ந்து பாரத்தைத் தாங்கிற்று.

இரண்டாவது, அச்சிலிருந்து தகட்டின்கீழ் முன்னோக்கிச் செல்லும் ஓர் இரும்புச் சட்டம். அதன் முனையில் ஓர் இறப்பர்க் குமிழ் இருக்கும். அச்சு திரும்ப முயன்றதும் குமிழ் மேலெழுந்து, தகட்டின் முன்கண்ணருகே மோதி, நெளிவைத் தடுக்கும்.

மூன்றாவது ஏணிச் சட்டம். இரு குழாய்களைக் குறுக்குத் துண்டுகளால் ஏணிபோல் ஒட்டி, அச்சின் மேலும் கீழும் பூட்டி, முன்முனையிற் குவித்துச் சட்டகத்தில் ஒரே முளையிற் கோத்தனர். இது முறுக்கைத் தடுப்பதோடமையாது, அதனைப் பயன்படுத்தவும் செய்தது. அச்சின் முறுக்கு அம்முளைவழியே சட்டகத்தை மேலே தூக்கும். அதற்கீடாகச் சில்லு நிலத்தில் அழுந்தும். பகையாயிருந்த விசையே துணையாயிற்று. முளையை எவ்விடத்தில் அமைப்பது என்பதிலேதான் செய்வோனின் திறமை இருந்தது. குறுகிய சட்டம் கடுமையாக அழுத்தும். நீண்ட சட்டம் மென்மையாக அழுத்தும்.

இயந்திரத்தண்டின் முறுக்கால் வலப்பக்கப் பின்சில்லின் பாரம் குறைதலையும் கண்டனர். அதற்கு வலப்பக்கத்தில் மேலதிகத் தகடொன்றையோ காற்றுப்பையொன்றையோ வைத்தனர். கிறைஸ்லர் நிறுவனத்துப் பொறியியலாளர் சிலர் ஓய்வுநேரத்தில் 'ராம்சார்ஜர்ஸ்' என்னும் கழகம் அமைத்து, 1949ஆம் ஆண்டுப் பிளிமத் கார் ஒன்றை 1950களின் இறுதியில் மிக உயரமாகத் தூக்கிக் கட்டினர். உயர்ந்த பாரம் புறப்படும்போது பின்னே சாய்ந்து சில்லை அழுத்தும் என்பது அவர்தம் கணக்கு.

பிழைத்தனவும் பல. மெலிந்த சட்டங்கள் வளைந்தன. நேர்வழியில் நன்றாய் உதவிய ஏணிச் சட்டம், வளைவிற் கார் சரியும்போது அச்சின் அசைவைத் தடைசெய்தது. ஆயினும் பயன்பட்டவை தொழிற்சாலையை எட்டின. 1965இல் வெளிவந்த ஷெல்பி ஜி.ரி. 350 கார், இத்தகைய பிடிமானச் சட்டங்களுடனேயே விற்கப்பட்டது. கிறைஸ்லர் நிறுவனமும் முன்பாதி குறுகி விறைத்த தகடுகளைப் பந்தயக்காரருக்கு வழங்கிற்று.

நிலைத்தமைக்குக் காரணம்

கொட்டிலில் ஒட்டிய இரும்புத்துண்டு வரலாற்றில் இடம்பெற்றதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, கடிகாரம். சட்டம் பூட்டுமுன் எத்தனை வினாடி, பூட்டியபின் எத்தனை வினாடி என்று களம் அளந்து கூறிற்று. ஆதலின் வீண்பெருமைக்கு இடமிருக்கவில்லை. மற்றொன்று, எழுத்து. 1948இல் தொடங்கிய 'ஹொட் ரொட்' முதலிய பத்திரிகைகள் இளைஞர் கைவேலைகளைப் படங்களோடு வெளியிட்டன. ஒருவன் கண்டதை ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்தவன் படித்துத் திருத்தினான்.

இந்த இரண்டும் இல்லாதவிடத்து நேர்வது யாதென அறிய நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை வந்தபின், பெற்றோல் அருகிய குடாநாட்டில் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் தட்டிவான்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சிறிது பெற்றோலைக் காபரேற்றரிற் செலுத்தி இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். கலிபோர்ணியர் வேகத்துக்காகச் செய்ததை நம்மவர் வாழ்வுக்காகச் செய்தனர். நோயாளியை மருத்துவமனை சேர்க்கவும் அக்கார்களே உதவின. அக்காலத்திற் பாடசாலை மாணவனாயிருந்த இக்கட்டுரையாளன் அப்புகையின் மணத்தை இன்றும் மறந்திலன். ஆனால் எத்தனை துளி, எவ்வளவு சூடு, எத்தகைய குழாய் என்று அன்று கேட்டுக் குறித்துவைத்தானல்லன். 2002இல் தடை நீங்கிப் பாதை திறந்ததும் அப்பொறிகள் வேண்டாதனவாயின. அவற்றின் அளவுகளும் செய்முறைகளும் பெரும்பாலும் வாய்மொழியாகவே எஞ்சியுள்ளன.

அன்று முப்பது வயதினராய் அவ்வேலையைச் செய்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். நம் மாணவர் அவர்தம் பட்டறைகளுக்கும் கராச்சுகளுக்கும் சென்று, கேட்டு, அளந்து, படம் வரைந்து, இத்தகைய மலர்களிற் பதிவுசெய்வாராக. அரசரும் போர்களும் மட்டும் வரலாறல்ல. எண்ணெய் படிந்த கைகளுக்கும் அதில் உரிமையுண்டு. அவ்வுரிமையை எழுத்தில் நிலைநாட்டுதல் கற்றோர் கடன்.