தன்மீதும் இரக்கம்: சலேசியார் காட்டிய வழி

பாவத்துக்காக வருந்துவது கிறிஸ்தவ வாழ்வின் அடிப்படைக் கடமை. அந்த வருத்தம் எந்த இடத்தில் தன்னையே வதைக்கும் நோயாக மாறுகிறது என்ற கேள்வியும் அதே அளவுக்குப் பழையது. 5ஆம் நூற்றாண்டில் ஜான் காசியன் துறவியருக்காக எழுதியபோதே, மனந்திரும்ப வைக்கும் துயரத்தையும் நம்பிக்கையைக் கொல்லும் துயரத்தையும் பிரித்துக் காட்டினார். அது பாலைவனத் துறவிகளின் பாடமாக இருந்தது. வீடும் பிள்ளைகளும் வேலையும் உள்ளவர்களுக்கு அதை விரித்துச் சொன்னவர் பிரான்சிஸ் சலேசியார். ஒருவர் தம்மிடமே பொறுமையாக இருப்பதை ஒரு நற்பண்பாகவே அவர் கற்பித்தார்.

அவர் இதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1567இல் சவோய் நாட்டின் தொரான் ஊரில் உயர்குடியில் பிறந்தவர். பாரிசில் இயேசு சபையாரின் கிளேர்மோன் கல்லூரியில் படித்த காலத்தில், மீட்புக்கு உரியவர் யார் என்பதைக் கடவுள் முன்கூட்டியே குறித்துவிட்டார் என்ற இறையியல் விவாதம் அவரைப் பிடித்து ஆட்டியது. 1586இன் கடைசியில், 19 வயதில், தாம் நரகத்துக்கே குறிக்கப்பட்டவர் என்ற எண்ணம் மனதில் ஊன்றிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, உடம்பு மஞ்சள் பூத்தது. ஏறக்குறைய ஆறு வாரம் இப்படியே கழிந்தது. பிறகு 1587இன் தொடக்கத்தில் ஒருநாள் சேன் எத்தியேன் தே கிரே ஆலயத்தில் மாதா சுரூபத்தின் முன் மண்டியிட்டார். மறுமையில் இறைவனை நேசிக்க வாய்ப்பில்லாமல் போனாலும் இம்மையிலாவது முழு மனதோடு நேசிக்கிறேன் என்று தம்மை ஒப்புக்கொடுத்தார். பாரம் அங்கேயே இறங்கிற்று. அவருடைய பிற்காலப் போதனை முழுவதற்கும் வேர் இந்த ஆறு வாரங்களில்தான் இருக்கிறது.

1602இல் ஜெனீவாவின் ஆயரானார். நகரம் கால்வினியர் கையில் இருந்ததால் ஆன்சியில் தங்கியே மறைமாவட்டத்தை நடத்தினார். உறவுக்காரப் பெண்மணியான திருமதி சார்மோயிசிக்கு அவர் எழுதிக் கொடுத்த ஆன்மீகக் குறிப்புகள் திரண்டு 1609இல் ‘பக்தி வாழ்வுக்கு அறிமுகம்’ என்ற நூலாயின. அதன் மூன்றாம் பாகத்தில் ஒரு அத்தியாயம் முழுவதும் தம்மிடம் சாந்தமாக இருப்பதைப் பற்றியது. கோபப்பட்டவர், கோபப்பட்டதற்காக மறுபடி கோபப்படுகிறார். பின் அந்தக் கோபத்துக்கும் எரிச்சல்படுகிறார். இந்தச் சுழலைச் சலேசியார் நுட்பமாகக் கவனித்திருக்கிறார். அதன் அடியில் இருப்பது பணிவு அல்ல, ‘நானா இப்படிச் செய்தேன்’ என்ற தற்பெருமை என்பது அவர் கணிப்பு. சீறி விழும் தகப்பனைவிட அன்போடு திருத்தும் தகப்பனே பிள்ளையை மாற்றுகிறான், தன் நெஞ்சிடமும் அப்படியே பேச வேண்டும் என்கிறார். பாவத்தை அவர் சிறிதாக்கவில்லை. விழுந்த இடத்திலிருந்து அமைதியாக எழச் சொன்னார், அவ்வளவுதான்.

இந்தப் போதனையின் முதல் பெரிய சோதனை ஜேன் சாந்தாலின் வாழ்க்கை. 1601இல் கணவர் வேட்டை விபத்தில் இறக்க, நான்கு குழந்தைகளோடு நின்ற விதவை அவர். அவரை வழிநடத்திய ஒரு குரு, தம்மைத் தவிர யாரிடமும் மனம் திறக்கக் கூடாது என்பது வரை வாக்குறுதிகள் வாங்கிக் கட்டிப்போட்டிருந்தார். 1604இல் சலேசியார் அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிட்டார். இருவரும் சேர்ந்து 1610இல் ஆன்சியில் மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்வின் பெயரால் ஒரு சபையைத் தொடங்கினார்கள். கடுந்தவம் தாங்காத நோயாளிகள், விதவைகள், வயதானவர்கள் ஆகியோருக்கும் அங்கே இடம் இருந்தது. மற்ற மடங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கக்கூடிய பெண்கள் அவர்கள். 1641இல் ஜேன் இறந்தபோது மடங்கள் 80ஐத் தாண்டியிருந்தன.

இதற்கு நேர் எதிரான அலையும் அந்த நூற்றாண்டிலேயே எழுந்தது. போர் ரோயால் மடத் தலைவி ஆஞ்சலிக் ஆர்னோ 1619இல் சலேசியாரைச் சந்தித்து, அவருடைய சபையில் சேரவே விரும்பினார். அது நடக்கவில்லை. 1622இல் சலேசியார் இறந்த பின், சேன் சிரான் மடாதிபதியின் கண்டிப்பான வழிகாட்டுதல் அந்த மடத்தை ஆட்கொண்டது. 1640இல் ஆயர் யான்சேனியுசின் ‘அகுஸ்தினுஸ்’ நூல் வெளிவந்தது; இந்தக் கண்டிப்பான போக்கு அவர் பெயரால் யான்சேனியம் எனப்பட்டது. ஆஞ்சலிக்கின் தம்பி அந்துவான் ஆர்னோ 1643இல் அடிக்கடி நற்கருணை வாங்குவதைப் பற்றி எழுதிய நூல், தகுதியின்மையை எண்ணி ஒதுங்கியிருப்பதைப் பக்தியாக உயர்த்தியது. யான்சேனியத்தின் ஐந்து கூற்றுகளை ரோமாபுரி 1653இல் கண்டித்தும், அந்தப் பயம் பிரெஞ்சுப் பங்குகளில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தங்கிவிட்டது.

சலேசியாரின் குரல் வேறு வழிகளில் உயிரோடு இருந்தது. தூரின் நகரில் ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்த தொன் போஸ்கோ 1859இல் தொடங்கிய சபைக்கு அவர் பெயரையே வைத்தார். அந்தச் சலேசியர்கள் 1906இல் தஞ்சாவூருக்கு வந்து இந்தியாவில் பணியைத் தொடங்கினார்கள். லிசியே நகரத் தெரேசாவின் பெரியம்மா லெ மான் நகரில் ஜேன் சாந்தாலின் சபையில் துறவி. மூத்த சகோதரிகள் படித்ததும் அந்த மடத்தில்தான். ஆனாலும் தெரேசா சிறுமியாக இருந்தபோது, அற்ப எண்ணங்களையும் பாவமென்று நினைத்து ஒன்றரை ஆண்டு மருகினார். 1891இல், லிசியேயில் அவர் சேர்ந்திருந்த மடத்தின் தியானத்தில் பேச வந்த பிரான்சிஸ்கன் துறவி, அவருடைய குறைகள் கடவுளை வருத்தவில்லை என்று உறுதி சொன்னார். அப்படி ஒன்று இருக்க முடியும் என்று அதுவரை யாரும் தெரேசாவிடம் சொன்னதில்லை. பின்னாளில் செபத்தின்போது தூங்கிவிழுந்ததைக்கூட அவர் கலங்காமல் எழுதிவைத்தார். 1897இல் 24 வயதில் மறைந்த அவர், 1997இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார்.

தெரேசா இறந்து எட்டு ஆண்டுகளில், 1905இல், திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்து ஆணை யான்சேனியத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்தது. சாவான பாவமின்றி நல்ல நோக்கத்தோடு வருபவர் எவரையும் தினமும் நற்கருணை வாங்குவதிலிருந்து தடுக்கக் கூடாது என்றது. 1910இல் வந்த மற்றோர் ஆணை ஏழு வயதையொட்டிய குழந்தைகளுக்கும் திருப்பந்தியைத் திறந்துவிட்டது.