நாய்க்குச் சொறியும் காதுவலியும்: கறுப்பெண்ணெய் தடவும் முன் கவனிக்க வேண்டியவை

நெகிரி செம்பிலானில் பகாவ், ரொம்பின், லாபு, போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் வளரும் நாய்கள் பெரும்பாலும் கட்டிப்போடப்படுவதில்லை. ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டுத் திண்ணையில் தூக்கம், மாலையில் முனியாண்டி கோயில் வாசல் என்று லயம் முழுவதும் சுற்றி வரும். முடி கொட்டித் தோல் தடித்துவிட்டால், அதுவரை காவல் காத்த நாயையே எல்லாரும் விரட்டத் தொடங்குகிறார்கள். சிலர் செம்பனைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்நோய்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் குணமாகக்கூடியவை.

சொறி எல்லாம் ஒன்றல்ல

கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளால் வரும் சொறியில் இரண்டு வகை முக்கியமானவை.

முதலாவது தொற்றுச் சொறி. பூச்சி தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். காது ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் முடி கொட்டும். நாய் இரவும் பகலும் சொறியும். காது மடலை மடித்து ஓரத்தை விரலால் தேய்த்தால் பின்னங்கால் தானாகவே சொறிவதுபோல் ஆடுவது இதற்கு ஓர் அடையாளம். நாயைத் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளுக்குக் கையிலும் இடுப்பிலும் சிவந்த புள்ளிகளும் அரிப்பும் வரலாம். நாய்க்குச் சிகிச்சை கொடுத்தால் பிள்ளைகளின் அரிப்பும் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

இரண்டாவது வகை பெரும்பாலும் குட்டிகளுக்கு வருவது. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்காலிலும் வட்டமாக முடி கொட்டும், அரிப்பு குறைவு. இது மனிதருக்கோ வளர்ந்த நல்ல நாய்களுக்கோ தொற்றாது. குட்டியை ஒதுக்கத் தேவையில்லை.

வட்டமாக முடி கொட்டுவது படர்தாமரையாகவும் இருக்கலாம். அது மனிதருக்குத் தொற்றும். கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி, நுண்ணோக்கியில் பார்த்துத்தான் எது என்று உறுதி செய்வார்.

காதைக் குடையக்கூடாது

நாயின் காதுக்குழாய் முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்புகிறது. அதனால் மழைநீரும் அழுக்கும் உள்ளே தங்கிவிடும். நம் நாட்டின் புழுக்கத்தில் பூஞ்சை வளர இது போதும்.

காப்பித்தூள் போன்ற கறுத்த அழுக்கும் ஓயாத அரிப்பும் இருந்தால் காதுப்பூச்சியாக இருக்கலாம். பழுப்பு நிறப் பிசுக்கும் புளித்த வாடையும் பூஞ்சையைக் காட்டும். மஞ்சள் சீழும் வலியும் இருந்தால் கிருமித்தொற்று. ஒரு காதில் மட்டும் திடீரென்று வலி வந்தால் உண்ணியோ புல் விதையோ உள்ளே போயிருக்கலாம். இரண்டு காதுகளிலும் திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வாமை அடிப்படைக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பஞ்சுக்குச்சியால் குடைந்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். நாய்க்கென விற்கும் காது கழுவும் திரவத்தை ஊற்றி, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் பிசைந்து, நாய் தலையை உதறியதும் வெளியே வந்த அழுக்கை மட்டும் பஞ்சால் துடைக்க வேண்டும். சீழோ கடும் வலியோ இருந்தால் எதையும் ஊற்றக்கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் காதைச் செவிடாக்கிவிடும்.

உண்ணி சுவரிலும் இருக்கிறது

பழுப்பு நாய் உண்ணி ரத்தம் குடித்தபின் கீழே விழுந்து, பலகைச் சந்திலும் சுவர் வெடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் சுத்தம் செய்தால் சில வாரங்களில் மீண்டும் ஏறிவிடும். படுக்கும் சாக்கை எரித்துவிட்டு, சந்துகளை அடைத்து, இடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும். உண்ணியைத் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் உள்ள போத்தலில் போடலாம். விரலால் நசுக்கவோ நெருப்பு வைக்கவோ கூடாது.

உண்ணி கடித்த நாய் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வேண்டாத வைத்தியம்

வண்டியில் இருந்து வடித்த கறுப்பெண்ணெயைச் சொறியில் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது தோலைப் புண்ணாக்கும்; நாய் நக்கும்போது உள்ளே போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மண்ணெண்ணெய், தரை கழுவும் மருந்து, தோட்டத்துப் பூச்சிமருந்து ஆகியவையும் அப்படித்தான். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கண்ணளவில் போடுவதும் ஆபத்து. கோலி இன நாய்களையும் இதயப்புழு உள்ள நாய்களையும் அது கொன்றுவிடலாம். வேப்பிலைத் தண்ணீர் தோலுக்கு இதமாக இருக்கலாம். சொறிப்பூச்சியை ஒழிக்க அது போதாது.

இன்று சொறி, உண்ணி, காதுப்பூச்சி மூன்றுக்கும் வேலை செய்யும் மாத்திரைகள் உள்ளன. அஃபோக்சோலனர் ஒரு மாதத்துக்கும், ஃபுளுராலனர் ஏறக்குறைய 12 வாரத்துக்கும் பலன் தரும். நாயின் எடையைப் பொறுத்தே அளவும் விலையும் அமையும். வலிப்பு வரும் நாய், சினை நாய், இளங்குட்டி என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

லயம் முழுக்க ஒரே நாளில்

தோட்டத்தில் சொறி திரும்பத் திரும்ப வருவதற்கு முக்கியக் காரணம், ஒரு வீட்டு நாய்க்கு மட்டும் மருந்து கொடுப்பதுதான். பக்கத்து வீட்டு நாயுடன் படுத்தால் மறுபடியும் தொற்றிக்கொள்ளும். லயத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடி, ஆளில்லாத நாய்களையும் சேர்த்து ஒரே நாளில் மருந்து கொடுத்தால் செலவும் பகிரப்படும், நோயும் அடங்கும். எப்படித் தொடங்குவது என்று மாநிலக் கால்நடைச் சேவைத் துறையிடம் கேட்கலாம். கடினமான நோய்க்கு, செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது.

2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தண்டனைக்குப் பயந்து மட்டுமல்ல, வீட்டுப் பிள்ளைகளின் நலனுக்காகவும் நாயின் காதையும் தோலையும் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் சிகிச்சை எளிது, செலவும் குறைவு.