வரையாடு வேட்டை

மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளி உச்சிகளில், மலைவாழ் மக்கள் தடம் காட்ட, வரையாட்டைப் பின்தொடர்ந்து சுடும் வேட்டைமுறை. 19-ஆம் நூற்றாண்டில் பரவி, 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு சட்டப்படி முடிவுக்கு வந்தது. வரையாட்டின் வாழிடம் நீலகிரி, ஆனைமலை, பழனி, மூணாற்று மேட்டுநிலம், வருசநாடு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் மலைகள் வழியாகத் தெற்கே அகத்தியமலைவரை துண்டு துண்டாக நீள்கிறது.

விலங்கு. 1838-இல் விலங்கியலாளர் ஆகில்பி இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். 1842-இல் மற்றொரு விலங்கியலாளரான கிரே இட்ட ‘காப்ரா வரியாட்டோ’ என்ற பெயரில் மலைமக்கள் வாயில் வழங்கிய ‘வரையாடு’ அப்படியே ஒலிக்கிறது. அப்பெயர் நிலைக்காமல் போனது இழப்புதான். வெள்ளைக்காரர்கள் ‘ஐபெக்ஸ்’ என்றே அழைத்தனர். நெடுங்காலம் இமயமலைத் ‘தார்’ என்ற காட்டாட்டோடு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2005-இல் வெளியான மரபணு ஆய்வு இது செம்மறி இனத்துக்கே நெருங்கியது எனக் காட்டியதும் தனிப் பேரினமாயிற்று. அவ்வகையில் தென்னிந்தியாவின் காட்டுச் செம்மறி என்று இதைச் சொல்வதில் பெரும் பிழையில்லை.

பழங்காலம். சங்கப் பாடல்களில் வரும் ‘வருடை’ இதுவே என்பர் பலர்; எட்டுக்கால் கொண்ட சரபம் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு.

வெள்ளையர் காலம். அச்சான வேட்டைக் குறிப்புகளில் பெரும்பகுதி இக்காலத்தது. அதிலும் நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளைப் பற்றியது. படை அதிகாரியும் கைதேர்ந்த ஓவியருமான டக்ளஸ் ஹாமில்டனின் தென்னிந்திய வேட்டை நூல் 1892-இலும், பிளெட்சரின் நீலகிரி–வயநாடு நூல் 1911-இலும் வெளிவந்தன.

வேட்டை ஏறக்குறைய ஒரே விதமாக நடந்தது. விடியுமுன் கூடாரத்தை விட்டுக் கிளம்பி, மூடுபனி கலையும்போது விளிம்பில் படுத்துத் தொலைநோக்கியால் பாறை முகப்புகளைத் துழாவுவார்கள். மந்தை மேயும்போது வயதான பெட்டை ஒன்று பாறைமேல் நின்று காவல் காக்கும். ஆபத்து தெரிந்தால் சீழ்க்கைபோல் ஒலி எழுப்பும். ஆடுகளின் கவனம் பெரும்பாலும் கீழ்நோக்கியே இருப்பதால், சுற்றுவழியாக ஏறி மேலிருந்து இறங்குவதுதான் உத்தி. காற்று திரும்பினால் அன்றைய உழைப்பு வீண். குறி வைக்கப்பட்டது வயது முதிர்ந்த கிடா: கருத்த உடல், முதுகில் சேணம் போட்டாற்போல் வெள்ளிநிறத் திட்டு. ‘சேடில்பேக்’ என்ற பெயர் அதனால் வந்தது. குண்டு பட்ட கிடா பள்ளத்தில் உருண்டு கொம்பு நொறுங்கிப்போவதும் உண்டு. அப்பள்ளத்தில் இறங்கி அதைத் தூக்கி வருவது தடம் காட்டும் ஷிகாரியின் வேலை. சுட்டவர் பெயரும் கொம்பின் அங்குல அளவும் நூல்களில் நின்றன; தடம் பார்த்தவர் பெரும்பாலும் ‘என் ஷிகாரி’ என்ற அளவிலேயே நின்றுவிட்டார். இந்த வேட்டையின் அறிவு முழுவதும் அவருடையது.

ஆடு குறையத் தொடங்கியதும் 1877-இல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கமும், 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு–மீன் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. உரிமம், தடைக்காலம் ஆகியவை நடைமுறையாயின. மூணாற்றுப் பக்கம் தேயிலைத் தோட்டத்தார் இரவிகுளத்தைத் தம் வேட்டைக் காப்பிடமாக வைத்து, முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு அமர்த்தினர். அந்த நிலம் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. வேட்டைக்காரரின் கட்டுப்பாடுதான் ஆட்டைக் காத்தது என்று ஒரு சாரார் சொல்வர். அழிவைத் தொடங்கியதே துப்பாக்கிதான் என்பது மறுசாரார் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம். இம்மலைச் சரிவுகளில் பல காடுகள் சேத்தூர், சிவகிரி, சாப்டூர் ஜமீன்களிடம் இருந்தன. 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப்பின் அரசிடம் சேர்ந்தன. உச்சிக்குச் செல்லும் தடங்களை நன்கறிந்தவர்கள் பளியர் பழங்குடியினர். தேனெடுக்கப் பாறைமுகப்பில் கொடி கட்டி இறங்குபவர்கள் அவர்கள். இராஜபாளையம் நாய் வேட்டைக்குப் பேர்பெற்றதாயினும் அதன் புகழ் பன்றி வேட்டையைச் சேர்ந்தது. செங்குத்துப் பாறையில் நாய்க்கு வேலையில்லை. துரத்தப்பட்ட வரையாடு நாய் எட்டமுடியாத விளிம்பில் போய் நின்றுகொள்ளும்.

கணக்கெடுப்பு. விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் 1969-இல் இரவிகுளத்தில் இவ்விலங்கை ஆராய்ந்தார். வழக்கறிஞரும் முன்னாள் வேட்டைக்காரருமான இ.ஆர்.சி. டேவிதார் 1970களில் வாழிடம் முழுவதையும் நடந்தே அளந்து, சுமார் 2,200 ஆடுகள் இருக்கலாம் என மதிப்பிட்டார்.

அண்மைக்காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயம் 1988-இல் அமைந்தது; 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ரூ.25.14 கோடியிலான பாதுகாப்புத் திட்டம் 2023 அக்டோபரில் தொடங்கியது. டேவிதார் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாள். தமிழ்நாட்டில் 2024-இல் 1,031 ஆடுகளும் 2025-இல் 1,303 ஆடுகளும் எண்ணப்பட்டன. கணக்கெடுத்த இடங்களும் கூடியதால் வேறுபாடு முழுவதையும் பெருக்கமாகக் கொள்வதற்கில்லை. பாகிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் அயல்நாட்டார் கட்டணம் செலுத்தி, வழிகாட்டியோடு மலையாட்டைச் சுடும் முறை இன்றும் உண்டு. இந்தியாவில் வரையாட்டைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிக அளவாக 7 ஆண்டு சிறை; ரூ.25,000-க்குக் குறையாத அபராதமும் உண்டு.