குர்குமினும் குடல் செல் பாதுகாப்பும்

குர்குமின், மஞ்சள் கிழங்குக்கு நிறம் தரும் பாலிஃபீனால் சேர்மம். குடலின் உட்சுவர்ச் செல்களை ஆக்சிஜனேற்ற அழுத்தத்திலிருந்து காக்கும் தாவரப் பொருள்களில் மிக விரிவாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. உலர்ந்த மஞ்சளில் இது பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கும்.

1815இல் வோகல், பெல்ட்டியே ஆகிய இருவரும் மஞ்சளின் நிறப்பொருளைப் பிரித்து அதற்குக் குர்குமின் என்று பெயரிட்டனர். அவர்கள் கையில் கிடைத்தது பிசினும் எண்ணெயும் கலந்த கலவையே. 1870இல் டாவ்பே அதைப் படிகமாகப் பெற்றார். மூலக்கூறு அமைப்பு தெளிவாக மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன: 1910இல் மிலோபென்ட்ஸ்கா, கொஸ்தானெட்ஸ்கி, லாம்பே மூவரும் அதை வெளியிட்டனர். 1913இல் லாம்பே ஆய்வகத்திலேயே அதைத் தொகுத்தார். கடையில் குர்குமின் என்று விற்கப்படும் தூளில் இன்றும் டிமெதாக்சிகுர்குமின், பிஸ்டிமெதாக்சிகுர்குமின் ஆகிய இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது இதை மறக்கலாகாது.

உணவு, நுண்ணுயிர்கள், அழற்சி ஆகியவற்றால் குடல் செல்களில் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. குர்குமின் அவற்றை நேரே அழிப்பதைவிட, செல்லின் சொந்தக் காவலை எழுப்புவதே முக்கியம். இயல்பான நிலையில் கீப்1 என்னும் புரதம் என்ஆர்எஃப்2 என்னும் புரதத்தைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிவிடும். கீப்1இன் சிஸ்டைன் பகுதிகளோடு குர்குமின் வினைபுரியும்போது அந்தப் பிடி தளர்கிறது. விடுபட்ட என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் சென்று ஹீம் ஆக்சிஜனேஸ்-1, குளுட்டாதயோன் ஆக்கும் நொதி முதலியவற்றின் மரபணுக்களை இயக்குகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடால் தாக்கப்பட்ட மனிதக் குடல் செல்களில், செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஆக்லூடின் போன்ற புரதங்களின் இழப்பும் இதனால் குறைகிறது.

குர்குமின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் 20 மில்லிகிராம் பைபரினைச் சேர்த்தால் உட்கிரகிப்பு 20 மடங்கு உயர்வதைக் காட்டினர். குடலைப் பொறுத்தவரை இந்தக் குறை ஒரு வசதி: உண்டதில் பெரும்பகுதி குடலிலேயே தங்குகிறது. 2006இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், அமைதி நிலையிலிருந்த பெருங்குடல் புண் நோயாளிகள் வழக்கமான மருந்துடன் நாளொன்றுக்கு 2 கிராம் குர்குமின் எடுத்தனர். ஆறு மாதத்தில் நோய் திரும்பியது அவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானோருக்கே. போலி மருந்து எடுத்தவர்களில் சுமார் 20 சதவீதத்தினருக்கு.

இன்று குர்குமின் உணவுத் துணைப்பொருளாகப் பல நாடுகளில் விற்பனையாகிறது. செறிவூட்டிய மாத்திரைகளை எடுத்தவர்களிடம் கல்லீரல் அழற்சி காணப்பட்டதை அடுத்து 2019இல் இத்தாலி எச்சரிக்கை விடுத்தது.