கண்ணும் கையும்

வானியலின் வரலாறு, யார் முதலில் பார்த்தார் என்ற ஒரே கேள்வியைச் சுற்றி எழுதப்பட்டு வந்திருக்கிறது. யார் துலக்கினார், யார் எழுதிவைத்தார் என்று கேட்டுப் பார்த்தால் கதை வேறாகிவிடுகிறது.

1781 மார்ச் 13 இரவு, இங்கிலாந்தின் பாத் நகரில் இசையால் பிழைத்துவந்த வில்லியம் ஹெர்ஷல், தானே செய்த தொலைநோக்கியில் யுரேனஸைக் கண்டார். அமெச்சூர் ஒருவரின் மகத்தான வெற்றி என்கிறார்கள். இருக்கட்டும். அன்றைய ஆடி செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். சீக்கிரமே மங்கும், திரும்பத் திரும்ப மெருகேற்றியாக வேண்டும். நடுவில் கையை எடுக்கக்கூடாது. தங்கை கரோலின்தான் அவருக்கு உணவை ஊட்டிவிட்டார். அதே ஆண்டு பெரிய ஆடி வார்க்க, அச்சுக்காகக் குதிரை லத்தியை இடித்துச் சலித்ததிலும் கரோலினின் கை உண்டு.

கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். விளக்கைப் பார்த்தால் பழகினதெல்லாம் போச்சு. ஆகவே பார்க்கிறவர் எழுத முடியாது. 1783 முதல் அண்ணன் இருட்டில் நின்று குரல் கொடுக்க, சன்னலுக்கு உள்ளே விளக்கும் கடிகாரமுமாக உட்கார்ந்து கரோலின் எழுதினார். பகலில் கணக்குப் போட்டுப் படியெடுத்தார். 1786, 1789, 1802 பட்டியல்களில் சுமார் 2500 நெபுலாக்களும் விண்மீன் கொத்துகளும் வெளியாயின. ஆசிரியர் பெயர் ஒன்றுதான்.

1786இல் கரோலின் தானே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு அரசர் கொடுத்த சம்பளம் 50 பவுண்டு, ‘உதவியாளர்’ என்ற பெயரில். அண்ணனுக்கு 200.

அந்த இரவுகளில் பார்த்தவர் இருவர் என்றே நான் சொல்வேன். கண்ணின் இயற்பியல் அங்கே இரண்டு பேரைக் கேட்டது. வரலாறு ஒருவரோடு நிறுத்திக்கொண்டது.