இடஞ்சுழியா, வலஞ்சுழியா?

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் தொழிலில் அமைப்பு மேலாளர் என்றொரு பணி உண்டு. ராக்கெட்டைச் செய்பவர் ஒருவர். கோளைச் செய்பவர் மற்றொருவர். தரை நிலையத்தை நிறுவுபவர் வேறொருவர். இவர்கள் செய்தவை யாவும் ஒன்றோடொன்று இசையுமாறு பார்த்துக்கொள்வதே அவர் கடமையாகும். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் சரிவரச் செய்தால் இதற்கெனத் தனியே ஓர் ஆள் எதற்கு என்று கேட்கலாம். 1962ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று அதற்கு விடை கூறுகிறது.

அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள் அமெரிக்காவின் கேப் கனவரலிலிருந்து டெல்ஸ்டார் ஏவப்பட்டது. பெல் ஆய்வுக்கூடத்தார் உருவாக்கிய அக்கோளின் எடை 77 கிலோ. அது 2 மணி 37 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவந்தது. அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைக்கும் ஒருசேரத் தென்பட்ட நேரமோ ஒரு சுற்றில் ஏறத்தாழ 20 நிமிடமே.

அன்றிரவு அமெரிக்காவின் ஆண்டோவர் நிலையம் தொலைக்காட்சிப் படம் அனுப்பியது. பிரான்சு நாட்டு நிலையத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. இங்கிலாந்தின் கூன்ஹில்லி நிலையத்திலோ கலங்கிய உருவமே கிட்டியது. அங்கே 26 மீட்டர் அகலமும் ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுமுள்ள பெருந்தட்டு வானை நோக்கி நின்றது. அதில் எதுவும் பழுதுபடவில்லை. பின் குறை எங்கே?

டெல்ஸ்டார் அனுப்பிய வானலை சுழன்றுகொண்டே செல்வது. அச்சுழற்சிக்கேற்பப் பொருத்த வேண்டிய சிறு உறுப்பொன்று மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. இதற்குக் காரணம் கவனக்குறைவன்று, சொற்பொருள் மயக்கமே. கடிகார முள் நமக்கு வலஞ்சுழியாகச் சுழல்கிறது. அதன் பின்புறம் நின்று பார்ப்பவனுக்கோ அதுவே இடஞ்சுழி. அலையின் சுழற்சியும் அத்தகையதே. அது செல்லும் திசையில் நோக்குவது வானொலிப் பொறியியலார் வழக்கு. அது வரும் திசையை எதிர்நோக்குவது ஒளியியலார் வழக்கு. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

உறுப்பைத் திருப்பிப் பொருத்தினர். மறுநாள் இரவு கூன்ஹில்லியிலும் படம் தெளிந்தது.

டெல்ஸ்டார் 1963 பிப்ரவரியில் ஓய்ந்தது. அது தந்த பாடம் ஓயவில்லை. இரு குழுவினர் ஒரே சொல்லை ஆளும்போது, ‘எங்கே நின்று பார்த்துச் சொல்கிறீர்கள்?’ என்று முன்கூட்டியே கேட்பவரே நல்ல அமைப்பு மேலாளர். தமிழில் கலைச்சொல் ஆக்குவோர்க்கும் கற்பிப்போர்க்கும் இக்கேள்வி உரியதே. சொல்லை மட்டும் படைத்தால் போதாது. அதன் வரையறையையும் ஐயமற வகுத்தல் வேண்டும்.