யோபின் பொறுமையும் முறையீடும்: இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவத்தில் கடவுளின் மௌனம்

2016 மே 17 அன்று பெய்த பெருமழையில், கேகாலைப் பக்கத்துப் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் வாழ்ந்த லயத்தை மூடிப் பலரைக் கொன்றது. அப்படிப்பட்ட சாவுக்குப் பின் வேதத்தில் எந்தப் பக்கத்தைத் திறப்பது? தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் முதலில் வருவது ‘யோபின் பொறுமை’. அந்தச் சொல் யாக்கோபின் நிருபத்திலிருந்து வழக்கில் ஊன்றியது. யோபின் நூலிலோ, 42 அதிகாரங்களில் முதல் இரண்டில்தான் பொறுமைசாலியைக் காண்கிறோம். மூன்றாம் அதிகாரத்தில் அவர் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். அதன்பின் கடவுளை வழக்குக்கு அழைக்கிறார். இந்தத் தீவின் தமிழ்க் கிறிஸ்தவத்தில் புலம்பல்தான் முந்தியது, பொறுமையை முன்னிறுத்தும் வாசிப்பு தோட்டங்களில் பின்னால் வேர்விட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோவாவிலிருந்து 1705இல் இலங்கை வந்த ஜாகோமே கொன்சால்வெஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் ஊழியம் செய்து 1742இல் போலவத்தையில் மறைந்தார். அவருடைய தமிழ் நூலான ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் கோயில்களில் இராகத்தோடு பாடி வாசிக்கப்பட்டு வந்தது. குருமார் மறைந்து திரிய வேண்டியிருந்த ஒரு சபைக்கு அவர் கொடுத்தது கிறிஸ்துவின் பாடுகளைக் கூடியிருந்து அழும் முறை. கடவுள் ஏன் பேசவில்லை என்பதற்கான விளக்கத்தை விட, சேர்ந்து அழ ஒரு மொழி அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. ஒப்பாரியில் இறந்தவரையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஏன் விட்டுப் போனாய் என்று கேட்கும் சமூகத்துக்கு இது அந்நியமாக இருந்திருக்காது. பார்வை இழந்த சுந்தரர் சிவனையே ஏசிப் பாடியதைப் பக்தியாகக் கொண்டாடும் மொழி தமிழ். சிலுவையில் இயேசு 22ஆம் சங்கீதத்தைச் சொல்லிக் கதறியதாக மாற்கு எழுதும்போது, அங்கேயும் கைவிட்டவரை நோக்கியே குரல் எழுகிறது. அக்குரலில் தலையாகிய கிறிஸ்துவோடு அவருடைய உடலாகிய சபை முழுவதும் பேசுகிறது என்று அகுஸ்தீனார் வாசித்தார். அந்த வாசிப்பின்படி, துயரப்படுகிறவரின் கேள்விக்குக் கிறிஸ்துவின் வாயிலேயே இடம் இருக்கிறது.

தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாக வந்த தமிழர் உழைத்த மலையகத் தோட்டங்களில் நிலைமை வேறு. 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், தோட்டத் துரைமாரின் விருப்பத்தோடும் சந்தாவோடும் வளர்ந்தது. துரையின் அனுமதி இல்லாமல் உபதேசியார் லயத்துக்குள் கால் வைக்க முடியாதிருந்தது. அந்த உபதேசியார்களில் பலர் திருநெல்வேலிப் பக்கத்து ஏழை எளியவர்கள். அவர்களுடைய நம்பிக்கையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பிரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடும் ஓர் உலகில், யோபின் மூன்றாம் அதிகாரத்தைப் பிரசங்கிப்பதற்கும் முதல் அதிகாரத்தைப் பிரசங்கிப்பதற்கும் விலை ஒன்றல்ல. போதகரின் மனம் எப்படியிருந்தாலும், மிஷனின் அமைப்பே அடக்கத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அதே மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அவர்களைக் கேளாமலே அவர்களைப் பற்றிப் பேசி முடித்தார்கள். வேதம் கேட்கும் ‘கடவுள் ஏன் பேசவில்லை’ என்ற கேள்வியோடு, ‘யார் வாயை யார் அடைத்தார்’ என்ற கேள்வியும் இங்கே ஒட்டிக்கொள்கிறது.

1970களில் இந்த இரண்டாவது கேள்வியைத் திருச்சபைக்குள்ளேயே சிலர் எடுத்தனர். 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் தோட்ட மக்களின் உரிமையை முன்வைத்தார். கொழும்பில் கத்தோலிக்கக் குரு திஸ்ஸ பாலசூரிய நற்கருணையையும் மனித விடுதலையையும் இணைத்து எழுதினார். தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறைக்குப் பின், குருநாகல் ஆங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க செப்டம்பரில் தம் மறைமாவட்டத்துக்கு ஆற்றிய உரையில் சிங்களவர் வெட்கி மனந்திரும்ப வேண்டும் என்றார். அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். பெரும்பான்மையின் மௌனத்தைக் கடவுளின் மௌனமாகக் காட்டித் தப்பிக்காத அந்த நேர்மையை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன்.

இந்த விடுதலை வாசிப்பு யாத்திராகமத்தை நம்பித் துயரத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வரிகள் அவசரப்படவில்லை. அடிமைகள் பெருமூச்சுவிட்டு அலறுகிறார்கள். யாரை நோக்கி என்று நூல் சொல்லவில்லை. கடவுள் கேட்டார் என்பது வாசகனுக்குத் தெரிகிறது, செங்கல் சுமப்பவனுக்கு இன்னும் தெரியாது. மற்றொரு மறுப்பு: யோபே கடைசியில் சாம்பலில் அமர்ந்து அடங்கிவிட்டாரே? ஆம். ஆனால் அடுத்த வசனத்திலேயே, தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுதான் என்று கடவுள் யோபின் நண்பர் எலிப்பாசைக் கடிந்துகொள்கிறார். ஆறுதல் என்ற பெயரில் துன்பத்துக்கு நியாயம் கற்பித்த நண்பர்கள் பலியிட, அவர்களுக்காக யோபு மன்றாட வேண்டியிருந்தது. புலம்பல் அழுது தீர்த்து ஆளை அடங்க வைக்கும் வடிகால்தான் என்போருக்கும் அதே வசனம் பதில்.

விடையே வராமல், இருளில் முடியும் ஒரு சங்கீதமும் வேதத்தில் இருக்கிறது: 88ஆம் சங்கீதம். அதைத் திருச்சபைகள் ஒதுக்கி வைக்கவில்லை. ஆங்கிலிக்கப் பொது ஜெப நூல் அதைப் பெரிய வெள்ளி மாலைக்கு வைத்தது. கத்தோலிக்கர் ஒவ்வொரு வெள்ளி இரவும், உறங்கப் போகுமுன் சொல்லும் செபத்தில் அதைச் சொல்கிறார்கள்.